ரிச்சர்ட்சன் போகும் வழியில் ஒரு பட்டிமன்றம்

1

இந்தக் கதையை நான் எழுதுவதற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல. ஒரு தீர்ப்பு பாக்கி இருக்கிறது.

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஊரான ஆலனில், தமிழ் நண்பர்கள் வட்டத்தின் தீபாவளி விழாவில் (தீபாவளி முடிந்து வெகுநாள் கழித்து, பள்ளிக்கூட ஹால் அப்போதுதான் கிடைத்தது) நடந்த பட்டிமன்றத்துக்கு நான் நடுவர். தலைப்பு, "மத வன்முறைக்குப் பெரிதும் காரணம் வேதநூல்களா, மனிதர்களா?" இரண்டு பக்கமும் பேசி முடித்ததும் நான் எழுந்து, மைக்கைப் பிடித்து, "சாப்பாடு ஆறுது, தீர்ப்பை அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது கேட்கிறார்கள். பல் டாக்டர் வாசலில் கேட்கிறார்கள். வட்டத்தின் செயலாளர் வசந்தாமணி, வாட்ஸ்அப் குழுவில் "நடுவர் அம்மா???" என்று வாரம் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

என்னை நடுவராகப் போட்டதே வசந்தாமணிதான். "நீங்க கதையெல்லாம் எழுதறீங்கல்லங்க்கா. எந்தப் பக்கமும் சேராம மழுப்பறது உங்களுக்குத்தான் வரும்" என்றாள். பாராட்டு என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் உறைத்தது.

என் பெயர் விசாலாக்ஷி. பகலில் டேட்டாபேஸ் வேலை, மாலையில் சிறுகதை. நாலு வரியில் சொல்லும்படி என்னிடம் தீர்ப்பு எதுவும் இல்லை. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதி முடிப்பதற்குள் ஏதாவது தட்டுப்படும் என்று ஒரு நப்பாசை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மதங்கள் தோன்றிய நாள் முதலாய் மனிதகுலம் தன் கைகளில் படிந்த ரத்தத்தைக்

அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கும் வாக்கியம்.

இரண்டாம் முயற்சி:

"டெக்சாஸ் வெயிலில் தார்ச்சாலை பளபளத்தது. ராமசுப்ரமணியன் கண்களை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் ஆஞ்சநேயரை அழைத்தன. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த காஜா மைதீனின் முகத்தில்

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கிறவர்கள் ராமசுப்ரமணியனை யாரோ கடத்திக்கொண்டு போவதாக நினைத்துவிடுவார்கள். இந்தத் தலைப்பில் அப்படி நினைக்க ஆட்கள் தயாராகவே இருக்கிறார்கள். உண்மையில் அவர் ஆபீசுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

மூன்றாவதாக, சாதாரணமாகவே சொல்லிவிடுகிறேன்: ராமசுப்ரமணியனுக்கு ஃப்ரீவே என்றால் பயம்.

லைசென்ஸ் இருக்கிறது. ஊருக்குள் அழகாக ஓட்டுவார். ஆனால் ராம்ப் என்னும் ஏறுபாதை வழியாக ஏறி, சீறிக்கொண்டு வரும் இரண்டு லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைக்க வேண்டும் என்றால் கை வியர்த்துவிடும். இத்தனைக்கும் வாட்ஸ்அப்பில் அவர் மாபெரும் வீரர். இஸ்லாத்தின் வரலாறு மொத்தத்தையும் தனி ஆளாக எதிர்த்து நின்று, குர்ஆன் வசன எண்களோடு ஃபார்வர்டு அனுப்புவார். ஆபீஸ் ரிச்சர்ட்சனில் இருந்தது. ஆலனிலிருந்து ரிச்சர்ட்சனுக்கு ஃப்ரீவேதான் வழி. எனவே அவரைத் தினமும் காலையில் காரில் ஏற்றிக்கொண்டு போனவர், அதே கட்டடத்தில் வேறு கம்பெனியில் வேலை பார்க்கும், அடுத்த தெருவில் குடியிருக்கும், கடையநல்லூர் காஜா மைதீன்.

ஆக, இஸ்லாத்தை எதிர்க்க அவர் இஸ்லாமியர் ஒருவரின் காரில்தான் தினமும் போய்வந்தார். இதை நான் கற்பனை செய்திருந்தால் என்னை நீங்கள் நம்பக்கூடாது.

சீட் பெல்ட் மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"காஜா, ஒன்பதாம் அத்தியாயம், அஞ்சாம் வசனம். இணை வைக்கறவாளை, அதாவது வேற தெய்வம் கும்பிடறவாளை, கண்ட இடத்துல வெட்டுன்னு தெளிவா இருக்கு. உங்களைச் சொல்லலை."

"அண்ணே, அது ஒப்பந்தத்த மீறுனவங்களோட நடந்த சண்டையில வந்தது. முன்னையும் பின்னையும் சேத்துப் படிக்கணும்லா."

"எதைச் சொன்னாலும் முன்ன பின்னன்னு ஒண்ணு சொல்லிடறேள். உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்."

"இல்லண்ணே, அடுத்த வசனத்துலயே என்ன வருதுன்னா—"

இந்த இடத்தில் கார் பெத்தனி டிரைவ் ராம்புக்கு வந்துவிடும். ராமசுப்ரமணியன் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கண்ணோடு சேர்ந்து காதும் மூடிக்கொள்ளும் போலிருக்கிறது. அவர் கண்ணைத் திறக்கும்போது அடுத்த ஊரான பிளேனோ வந்திருக்கும், பேச்சு லேஆஃப் பக்கம் போயிருக்கும். இப்படியே வருஷக்கணக்கில், அந்த அடுத்த வசனம் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

3

கதையின் முதல் வடிவத்தை அஞ்சனாவிடம் கொடுத்தேன். அஞ்சனா எம்.எஸ். படிக்க வந்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்த பெண். என் கதைகளை முழுவதும் படிக்கிற ஒரே ஆள். படித்துவிட்டுச் சொன்னாள்:

"ஆன்ட்டி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கதைல வர்ற முஸ்லிம் எல்லாரும் பிளட் டொனேட் பண்றாங்க."

"ஒரே ஒரு கதையிலதானேடி!"

"மூணு. இதுல காஜா அங்கிள் பிளட் குடுக்கறார், அடுத்த வீட்டுப் பாட்டிக்கு ஸ்னோ தள்ளறார், ஆல்வேஸ் ஸ்மைல் பண்றார். டெக்சாஸ்ல ஏது ஆன்ட்டி அவ்ளோ ஸ்னோ? அவர் ஒரு தடவையாவது ரெண்டு லைனுக்கு நடுவுல பார்க் பண்ணட்டுமே. ப்ளீஸ்."

நியாயம்தான். ரத்தத்தையும் பனியையும் எடுத்துவிட்டேன். உண்மையான காஜாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவர் எப்போதும் இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் நிறுத்துவார். ஆகஸ்ட் மாதத்தில்கூட, கண்ணாடி கையைச் சுடுகிற வரைக்கும் காரில் ஏ.சி. போடமாட்டார். குற்றாலம் அருவி தன் வீட்டுக் கொல்லையில் விழுகிற மாதிரி பேசுவார். பாட்லக்குக்கு எல்லாரும் கஷ்டப்பட்டுச் சமைத்து எடுத்து வந்தால் இவர் கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைக் கொண்டு வந்து, "பிரியாணி எதிர்பாத்தீங்களோ? எனக்குச் சமைக்கத் தெரியாது, உங்களுக்கு ஏமாத்தம்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ராமசுப்ரமணியனையும் திருத்த வேண்டியிருந்தது. முதல் வடிவத்தில் அவர் "உறுமினார்", "சீறினார்". அவர் உறுமி நான் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு வைஃபை நின்றாலும் டார்ச்சும் ஏணியுமாக வந்து நிற்கிற மனிதர். இந்தக் கதையில் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. கெட்டவன் ஒருவன் கிடைத்தால் தீர்ப்பு எவ்வளவு சுலபம்!

(இன்னொன்றும் உண்டு. எங்கே வைப்பது என்று தெரியாததால் அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன். ஊரில் காஜாவின் அத்தா, அதாவது அப்பா, இறந்த செய்தி வந்தபோது அவரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. ராமசுப்ரமணியன்தான் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். டி.எஃப்.டபிள்யூ ஏர்போர்ட்டுக்கு, ஃப்ரீவே இல்லாமல். பிளேனோ, கேரல்டன் என்று ஒவ்வொரு ஊரின் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போயிருக்கிறார். பிளேன் கதவைச் சாத்துகிற நேரத்துக்குத்தான் காஜா போய்ச் சேர்ந்தார். "அன்னைக்கு அண்ணன் ஒரு வசனமும் சொல்லலக்கா" என்று பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார்.)

அடைப்புக்குறியை மூடிவிட்டேன். ஆனால் கதை முழுக்க அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும்.

4

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

எங்கள் வட்டத்தில் பட்டிமன்றம் என்றால் ஒரே தலைப்புதான்: குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா? தீர்ப்பு என்ன என்பது இங்கே பிறந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இந்த முறை எங்கோ ஒரு சந்தையில் குண்டு வெடித்து, அது டிவியில் வந்து, ராமசுப்ரமணியன் ஃபார்வர்டு போட்டு, காஜா பதில் போட்டு, ஊரே இரண்டாகப் பிரிந்து, யார் வீட்டுக் கொலுவுக்கு யார் போகவில்லை என்பது வரை வந்துவிட்டது. வசந்தாமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங், போன்ல அடிச்சுக்கறத மேடைல வந்து அடிச்சுக்கோங். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். பாக்கறவங்களுக்காச்சும் பொழுது போகும்" என்று குழுவில் ஆடியோ போட்டாள். தலைப்பும் அவளே போட்டாள். ஆளுக்கொரு பக்கம், அவ்வளவுதான்.

யாருக்கு எந்தப் பக்கம்? இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே நேரக்கூடிய ஒரு கூத்து நேர்ந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டால் போதும். ஆனால் மேற்படிப்பு படித்தவர்களுக்கு அது கௌரவக் குறைச்சல். வசந்தாமணி ஒரு எக்செல் கோப்பைத் திறந்து, தானாகக் குலுக்குகிற சூத்திரம் ஒன்றை எழுதினாள். ராமசுப்ரமணியனுக்கு "வேதநூல்களே" வந்தது. காஜாவுக்கு "மனிதர்களே" வந்தது. பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது என்று எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

அந்தச் சூத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாகக் குலுக்கிவிடும்.* மறுநாள் நோட்டீஸ் தயாரிக்க வசந்தாமணி கோப்பைத் திறந்தாள். இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினாள். போட்டோவுடன், கோலத்துடன், விளக்குடன், நோட்டீஸ் ஊரெல்லாம் போய்விட்டது.

வேதநூல்களே காரணம்: திரு. காஜா மைதீன்.
மனிதர்களே காரணம்: திரு. ராமசுப்ரமணியன்.

(* வசந்தாமணி ஒரு பெரிய நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட். இதை அவள் எதிரில் சொல்ல வேண்டாம்.)

"மாத்திடலாமே" என்றேன்.

"அக்கா, நோட்டீஸ் போயிருச்சுங். பாதிப் பேரு ஹார்ட் போட்டுட்டாங். இனிக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாதுங்."

எந்தக் கடவுள் என்று நான் கேட்கவில்லை. நடுவர் அல்லவா.

ராமசுப்ரமணியன் குதித்தார். "நான் போய் குர்ஆனுக்கு வக்காலத்து வாங்கறதா?" ஆனால் தோற்பது அவருக்கு ஃப்ரீவேயை விடப் பயமான விஷயம். நேராக நூலகத்துக்குப் போய் ஒரு மொழிபெயர்ப்பை எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி ருக்மிணி என்னிடம் வந்து புலம்பினாள்.

"விசாலி, எங்க வெச்சிருக்கார் தெரியுமா அதை? பூஜை ரூம்ல, பிள்ளையாருக்குப் பக்கத்துல! என்னன்னான்னு கேட்டா, அதைத் தரையில கண்ட இடத்துல வெக்கக்கூடாது, அவாளுக்கு அது மரியாதை இல்லைங்கறார். கார்த்தால விளக்கேத்தறச்சே எனக்கு யாருக்குக் காட்டறதுன்னே புரியலை."

காஜாவின் பாடு வேறு. "எங்கம்மா யூடியூப்ல பாத்தா என்னக்கா சொல்லுவா?" என்றார். யூடியூப் வேண்டாம் என்று முடிவாயிற்று. அப்போதும் யோசித்தார். பிறகு அவருக்கே உரிய அந்தச் சிரிப்போடு சொன்னார்: "சரிக்கா. நான் என் பேச்சப் பேச மாட்டேன். அண்ணன் பேச்ச அப்படியே பேசிருதேன். அது எனக்கு மனப்பாடம்."

அப்போது நானும் சிரித்தேன்.

5

முதலில் பேசியது ராமசுப்ரமணியன்.

"ஒன்பதுக்கு அஞ்சை நான் இங்க இருக்கற அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கேன். அனுப்பினேனா இல்லையா?"

"அனுப்பினீங்க!" என்றது சபை.

"யாராவது ஒன்பதுக்கு ஆறு படிச்சேளா? வெக்கமாத்தான் இருக்கு, நானும் போன வாரம் வரைக்கும் படிக்கலை. அதுல என்ன இருக்கு தெரியுமா? அந்த மாதிரி வேற தெய்வத்தைக் கும்பிடறவன் ஒருத்தன் உங்கிட்ட அடைக்கலம்னு வந்தா, அவனுக்கு அடைக்கலம் குடு. அப்பறம் அவனைப் பத்திரமான இடத்துல கொண்டுபோய்ச் சேத்துடு. இதான் இருக்கு! ஐயா, நான் வேற தெய்வத்தைக் கும்பிடறவன். எனக்கு ஃப்ரீவே பயம், ஊருக்கே தெரியும். என்னைத் தினமும் பத்திரமா ரிச்சர்ட்சன்ல கொண்டுபோய்ச் சேக்கறது யாரு?"

கைதட்டலில் மைக் கிறீச்சிட்டது. காஜா எழுந்து நின்று கும்பிடு போட்டார்.

"வெட்டறவன் அஞ்சோட நிறுத்திக்கறான். அவனைத் திட்டறவனும் அஞ்சோட நிறுத்திக்கறான். புத்தகம் என்ன பண்ணும்? நம்ம பக்கம் மட்டும் என்ன, போர்க்களத்துல நின்னுண்டு உபதேசம் கேட்டவா கிடையாதா? அதைப் படிச்சுட்டு நாம யாராவது சித்தப்பா பிள்ளை மேல அம்பு விட்டோமா? விடறவன் விடத்தான் செய்வான். அதுக்கு மேற்கோள் வேணும்னா எந்தப் புத்தகத்துலேந்தும் எடுத்துப்பான்!"

(நடுவரின் குறுக்கீடு: இந்த வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆறையும் படித்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, அப்போதும் ஐந்திலேயே நின்றுகொண்டு கத்தியைத் தீட்டுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இது கடவுளின் சொல், ஓர் எழுத்தும் மாறாது என்று நம்புகிறவனிடம் போய், இது அந்தக் காலத்துச் சண்டைக்கு மட்டும் என்று சொல்லிப் புரியவைப்பது லேசான வேலையும் அல்ல. அதே நம்பிக்கையோடு அதே எழுத்தைப் படித்துவிட்டு ஆபீசுக்குப் போய் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான் கணக்கில்லாதவர்கள் என்பதும் உண்மை. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அறிஞர்கள் இதில் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது டேட்டாபேஸ். மேலே போகிறேன்.)

அடுத்து காஜா எழுந்தார்.

சட்டையை ஒருமுறை கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். இல்லாத மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார். அவ்வளவுதான், மேடையில் இன்னொரு ராமசுப்ரமணியன் நின்றார்.

"ஒன்பதுக்கு அஞ்சு. தெளிவா இருக்கு. உங்களைச் சொல்லலை."

ஹால் அதிர்ந்தது. எல்லாரையும் விட சத்தமாக, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தவர் ராமசுப்ரமணியன்தான்.

"அங்க குண்டு வெடிச்சுது, நியூஸ் பாத்தேளா? வெச்சவன் பேரைப் பாருங்கோ. உங்களைச் சொல்லலை."

சிரிப்பு.

"எல்லாரும் அப்படின்னு நான் சொல்லுவேனா? ஆனா அப்படி இருக்கறவா எல்லாரும் யாரு? உங்களைச் சொல்லலை."

சிரிப்பு.

"உங்க ஆளுங்க ஏன் வாயைத் திறந்து கண்டிக்க மாட்டேங்கறா? உங்களைச் சொல்லலை. நீங்க கண்டிச்சேளான்னு மட்டும் கேக்கறேன்."

இதற்குள் முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளைகள். எத்தனை வருஷம் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசாதவர்கள். காஜா ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் கையைத் தூக்குவார், அவர்கள் ஒரே குரலில், அமெரிக்க லகரத்தோடு, "உங்கலைச் சொல்லலை!" என்று கத்துவார்கள். பெற்றோர்கள் வீடியோ எடுத்தார்கள்.

"ஏர்போர்ட்ல உங்களை நிறுத்தி வெச்சு செக் பண்ணினா கோச்சுக்காதீங்கோ. அவா மேல என்ன தப்பு?"

"உங்கலைச் சொல்லலை!"

"உங்க பையன் தாடி வெச்சிண்டிருக்கானே, காலேஜ்ல யாரோட சேர்றான்னு ஒரு கண் வெச்சுக்கோங்கோ. நல்லதுக்குத்தான்."

"உங்கலைச் சொல்லலை!"

நான் ராமசுப்ரமணியனைப் பார்த்தேன். தொடையைத் தட்டிய கை தொடையிலேயே இருந்தது. சிரிப்பின் அச்சு முகத்தில் அப்படியே இருந்தது, உள்ளே சிரிப்பு இல்லை. அவர் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒன்றோ இரண்டோ, சாக்லேட் கொடுக்கிற மாதிரிச் சாதாரணமாகக் கொடுத்திருக்கிறார். மொத்தமாகச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவருக்கு எடை தெரிந்தது.

காஜா விரலை மூக்கிலிருந்து எடுத்தார். அவருடைய சொந்தக் குரல் வந்தது.

"அண்ணே, இத்தன வருசத்துல ஒரே ஒரு நாளாவது நீங்க

டிங்.

நான்தான் நடுவர் மணியை அடித்தேன். நேரம் முடிந்துவிட்டது. விதி என்றால் விதி.

காஜா சிரித்தார். "நன்றி நடுவர் அவர்களே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

5 (மறுபடியும்)

அந்த வாக்கியத்தை முடிக்க நான் செய்த முயற்சிகள்:

"...ஒரே ஒரு நாளாவது நீங்க என் முகத்தப் பாத்துப் பேசிருக்கீங்களா?" கார் ஓட்டுகிறவனின் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது? நீக்கம்.

"...ஒரே ஒரு நாளாவது நீங்க பெட்ரோல்" சே! அவ்வளவு அல்பமான ஆள் இல்லை.

"...ஒரே ஒரு நாளாவது நீங்க சும்மா வந்திருக்கீங்களா? வந்தீங்க, எங்க அத்தா மவுத்தான அன்னைக்கு மட்டும்." இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு இதையும் நீக்கினேன். இது என்னுடைய வாக்கியம், அவருடையது அல்ல.

கடைசியில் கடையில் அவரையே பார்த்தேன். கறிவேப்பிலைக் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஜா, அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

"மறந்துட்டேன்கா."

"கோவமா?"

"அண்ணன் மேலயா? சேச்சே." கறிவேப்பிலையை வைத்துவிட்டு இன்னொரு கட்டை எடுத்தார். "அவரு சொன்னப்பல்லாம் எனக்கு ஒண்ணும் தோணலக்கா. பழகிப் போச்சு. எஃப்.எம். மாதிரி ஓடும், நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன். அன்னைக்கு என் வாயாலயே சொன்னம்லா, அப்பத்தான் எனக்கே கேட்டுச்சு."

கதாசிரியைக்கு வசனம் வரவேண்டிய இடம், எனக்கு வரவில்லை. "கறிவேப்பிலை வாடியிருக்கு, வேற கடையில வாங்கிக்கோங்க" என்று மட்டும் சொன்னேன்.

6

விழா முடிந்த மறுநாளே காஜா ராமசுப்ரமணியனுக்கு மெசேஜ் அனுப்பினார்: "அண்ணே, இந்த வாரம் ஒர்க் ஃப்ரம் ஹோம்." அடுத்த வாரமும் அப்படியே. அதற்கு அடுத்த வாரமும். ஆனால் அவர் வண்டி விடிவதற்கு முன்பே கிளம்பிப் போவதை ஊரே பார்த்தது. ராமசுப்ரமணியனும் பார்த்தார்.

அவர் இப்போது ஊருக்குள்ளேயே, சிக்னல் சிக்னலாக நின்று ரிச்சர்ட்சன் போகிறார். வாட்ஸ்அப்பில் அவர் ஃபார்வர்டு வந்து நாளாயிற்று. அவருடைய பழைய ரசிகர்கள் இரண்டு பேர், நீங்க கட்சி மாறிட்டீங்க என்று அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பட்டிமன்றம் நடந்த அன்று அவருக்குத்தான் கைதட்டல் அதிகம் கிடைத்திருந்தது. இப்போது பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை.

ருக்மிணி வந்து என் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். "நீ ஒரு தீர்ப்பைச் சொல்லித் தொலைச்சிருந்தா, ஆளுக்கு ஒரு கிஃப்ட் கார்டு வாங்கிண்டு அன்னிக்கே முடிஞ்சிருக்குமேடி. சாப்பாட்டு மேஜையில உக்காந்துண்டு தனக்குத்தானே பேசிக்கறார். 'நான் அவரை மனசுல வெச்சுண்டு சொல்லலையே, அதனாலதானே உங்களைச் சொல்லலைன்னு சொன்னேன்'ங்கறார். அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'அப்ப யார்கிட்ட சொன்னேன்? கார்ல வேற யார் இருந்தா?'ன்னு அவரே கேட்டுக்கறார்."

போன வாரம் ராமசுப்ரமணியன் காஜாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறார், ருக்மிணி சொன்னாள். எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "காஜா, திங்கட்கிழமை வழக்கமான இடத்துல நிக்கறேன்." நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

7

ஆகவே முடிவுகள். எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) காஜா வருகிறார். கதவு திறக்கிறது. இருவர் கண்ணிலும் நீர். ஏ.சி. முழு வேகத்தில் ஓடுகிறது. அஞ்சனா இதைப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, இன்ஷூரன்ஸ் விளம்பரம்" என்றாள்.

ஆ) காஜா வரவில்லை. ராமசுப்ரமணியன் பல்லைக் கடித்துக்கொண்டு தானே காரை எடுக்கிறார். பெத்தனி ராம்பில் ஏறுகிறார். முதல்முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே

இந்த வாக்கியம் ராம்பிலேயே நிற்கிறது. மூன்று நாளாக நகரமாட்டேன் என்கிறது.

இ) காஜா வரவில்லை. ராமசுப்ரமணியன் காத்திருந்துவிட்டு வீட்டுக்குள் போகிறார். ஒரே வரிதான், நடக்கக்கூடியதும் இதுதான். எழுதினேன். தாங்கவில்லை. அழித்துவிட்டேன், ஆனாலும் உங்களுக்குக் காட்டுகிறேன்.

8

இன்று திங்கட்கிழமை. இந்தப் பகுதியை என் சமையலறை ஜன்னலருகே நின்றுகொண்டு போனில் தட்டுகிறேன். அந்த வழக்கமான இடம், தெருமுனையில் இருக்கும் தபால்பெட்டி வரிசை, இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.

ராமசுப்ரமணியன் வந்துவிட்டார். ஒரு கையில் லன்ச் பை. இன்னொரு கையில் எதுவும் இல்லை, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பேன்ட் பாக்கெட்டில் விட்டு விட்டு எடுக்கிறார். வழக்கமாகப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர். இன்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

முனையில் ஒரு வெள்ளி நிற வேன் திரும்புகிறது.

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வெள்ளி நிற வேன் இருக்கிறது. காஜா இத்தனை நாளாக ஓட்டுவதும் அப்படி ஒன்றைத்தான். எங்களிடமும் இருக்கிறது. கண்ணாடியில் வெயில் அடிக்கிறது, உள்ளே யார் என்று தெரியவில்லை. வேன் வேகம் குறைகிறதா, திருப்பம் என்பதால் குறைகிறதா, அதுவும் தெரியவில்லை. ராமசுப்ரமணியன் லன்ச் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறார்.

நான் ஜன்னல் திரையை இறக்கிவிட்டேன். அன்றைக்கு மணியை அடித்தவள், இன்றைக்கு முடிவையும் என் கையால் போட எனக்குத் தெம்பில்லை. தீர்ப்பு உங்களுடையது. உங்களிடம் மணி கிடையாது, ஆகவே யாரையும் பாதியில் நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வருவது காஜாதான் என்று சிலர் சொல்வீர்கள். இத்தனைக்குப் பிறகு அவர் எதற்கு வரவேண்டும் என்று சிலர் கேட்பீர்கள், அதுவும் நியாயம்தான். இன்னும் சிலர் இருக்கிறார்கள். இவ்வளவையும் படித்துவிட்டு, ஒரு சின்னக் கிண்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளாமல் வராமல் இருந்துவிட்டானே, அவங்க ஆளுங்களே அப்படித்தான் என்று சொல்வார்கள்.

உங்களைச் சொல்லவில்லை.